‘அங்கே பாதையே இல்லை’ என்றார்கள்

1

என் மகள் ஜெனிக்குக் கழுத்தடியில் இருக்கிற காறை எலும்பு முறிந்து இந்த வாரத்தோடு ஒரு வருடம் ஆகிறது. எலும்பு கூடிவிட்டது. என் கோபம் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று எனக்கு ஆசையும் இல்லை. ஊரிலிருந்து போன் பண்ணுகிறவர்கள் எல்லாம், “இன்னாமா, ஒரு சைக்கிள் விசயத்துக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்?” என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. ஒரே முறையாக இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் ஸ்டெல்லா. காஞ்சிபுரத்துக்குப் பக்கம், ஐயம்பேட்டை தாண்டி ஒரு ஊர். பெயர் வேண்டாம். என் தம்பி சாமு பெண்டாட்டி பிள்ளைகளோடு இன்னும் அங்கேதான் இருக்கிறான். கனடாவின் மேற்குக் கரையில், மழை ஓயாத ஒரு சின்ன ஊருக்கு நாங்கள் வந்து பதினேழு வருடம் ஆகிறது. கணவருக்கு மருத்துவமனைச் சமையலறையில் வேலை. நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். ஜெனி இங்கே பிறந்தவள்; இப்போது பதினாறு வயது.

பன்னிரண்டு வயதில் அவள் தமிழில் பதில் சொல்வதை நிறுத்தினாள். நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் முடித்துவிடுவாள். பதிமூன்றில் அறைக்கதவு சாத்திக்கொண்டது. பதினான்கில் சர்ச்சுக்கு வருவதில்லை என்றாள். காலையில் நாற்பது பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போகிறவள் நான். அவர்கள் எல்லாரும் என்னிடம் ஏதாவது பேசுகிறார்கள். வீட்டில் இருக்கிற ஒன்று பேசாது.

அவள் பேசிய இடம் ஒன்றே ஒன்றுதான். காடு.

2

எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் ஒரு பூங்கா இருக்கிறது. பூங்கா என்றதும் ஊஞ்சலும் சிமெண்ட் யானையும் நினைக்காதீர்கள். மலைச்சரிவில் இருக்கிற காடு அது. நடுவில் ஒரு ஓடை. நடப்பவர்களுக்குச் சரளைக்கல் போட்ட பாதை உண்டு. அதில் சைக்கிள் கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள். சைக்கிள்காரர்கள் பல வருடங்களாக மரங்களுக்கு நடுவே ஓட்டி ஓட்டி ஒரு ஒற்றையடித் தடம் உண்டாகியிருக்கிறது. அதில் போவதற்குத் தடித்த டயரும் முன்சக்கரத்தில் ஸ்பிரிங்கும் வைத்த மலை சைக்கிள் வேண்டும். ஜெனி பள்ளியில் அதற்கென்று இருக்கிற குழுவில் சேர்ந்தாள்.

முதலில் நான் அவளைக் காரில் கொண்டுபோய் விட்டுவிட்டுக் காத்திருப்பேன். ஒருநாள் யாரோ விற்ற பழைய சைக்கிள் ஒன்றை வாங்கிக்கொண்டு நானும் பின்னால் போனேன். என் வயதுக்கும் உடம்புக்கும் அது அசட்டுத்தனம்தான். ஆனால் அங்கே ஒரு அதிசயம் நடந்தது. ஜெனி முன்னால் போவாள், நான் பின்னால். என் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதாலோ என்னவோ, அவள் பேசினாள். பள்ளியில் யார் யாரோடு சண்டை, எந்த டீச்சர் அழுதார், தனக்குக் கணக்கு ஏன் வரவில்லை, எல்லாம். நடுநடுவே, “அம்மா, வேர் வருது, பிரேக்கைப் புடிக்காத, விட்டுடு” என்று கத்துவாள். தமிழில். எதிரே ஆபத்து என்றால் அவளுக்குத் தமிழ்தான் வந்தது.

அந்தத் தடம் நல்ல நிலையில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் அதுவே வாய்க்கால் ஆகிவிடும். மண் கரைந்து வேர்கள் எலும்பு மாதிரி வெளியே நிற்கும். சேறு கண்ட இடத்தில் ஆட்கள் ஒதுங்கி ஒதுங்கிப் போய், ஒரு முழம் இருந்த தடம் மூன்று முழமாக விரிந்துவிட்டது. சரிசெய்ய அனுமதி கேட்டுச் சிலர் எழுதினார்கள். பதில் வரவில்லை. பூங்கா நுழைவில், மோட்டார் சைக்கிள் வராதிருக்க நெளிந்து நுழைகிற இரும்புக் கேட் ஒன்று வைத்திருந்தார்கள். மோட்டார் சைக்கிள்காரர்கள் பக்கத்தில் இருந்த புதர் வழியாகப் போனார்கள். நானும் ஜெனியும் சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நுழைந்தோம்.

போன வருடம் இதே வாரம், சனிக்கிழமை காலை. செங்குத்தான இறக்கம், அதன் முடிவில் ஒரு வளைவு. அதற்கு அந்தப் பக்கம் தெரியாது. ஜெனி வளைந்தாள். ஒரு சத்தம் கேட்டது. நான் போய்ப் பார்த்தபோது சைக்கிள் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். குறுக்கே நான்கு கட்டைகள். காற்றில் விழுந்த மரம் இல்லை, அறுத்த மரம். அறுத்த முகம் வெள்ளையாக, ஈரமாக இருந்தது. கண்ணுக்குத் தெரியக்கூடாது என்று மேலே பெரணி இலைகளைப் பரப்பி வைத்திருந்தார்கள்.

“அம்மா, கை தூக்க வரல” என்றாள்.

அந்த இலைகளை நான் இன்னும் மறக்கவில்லை. கட்டை போட்டவனைக்கூட ஒருவேளை மன்னித்திருப்பேன். உட்கார்ந்து, இலை பறித்து, ஒவ்வொன்றாகப் பரப்பியிருக்கிறான்.

3

பூங்கா அலுவலகத்துக்குப் புகார் எழுதினேன். அதற்கு ஒரு படிவம் இருந்தது. சம்பவம் நடந்த இடத்தை அவர்கள் வரைபடத்தில் தொட்டுக் காட்ட வேண்டும். நான் தொட்ட இடத்தில் பாதை இல்லை என்பதால் படிவம் அடுத்த பக்கத்துக்குப் போகவில்லை. மூன்று நாள் முயன்றுவிட்டு நேரில் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு அம்மாள், சிரித்த முகம். நான் கடுதாசியில் எழுதிக் கொடுத்தேன்.

அங்கேதான் என் நாக்கு என்னைக் காட்டிக்கொடுத்தது. நம் ஊரில் ‘ரோட்டை கட் பண்ணிட்டாங்க’ என்றால் வழியை அடைத்துவிட்டார்கள் என்று குழந்தைக்கும் புரியும். அதை அப்படியே எழுதினேன்: நானும் என் மகளும் போகிற பாதை போன வாரம் கட் ஆகிவிட்டது என்று. இங்கே பாதையை ‘கட்’ பண்ணுவது என்றால், மண்வெட்டியும் ரம்பமும் எடுத்துப் போய்க் காட்டில் புதிதாகப் பாதை போடுவது.

அந்த அம்மாள் படித்துவிட்டு, “கட் பண்ணியதா? போன வாரமா? உறுதியாகத் தெரியுமா?” என்றாள்.

“உறுதியாகத் தெரியும். என் கண்ணால் பார்த்தேன்” என்றேன்.

சிரித்தபடி குறித்துக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. பூங்காவில் அனுமதி இல்லாமல் நான் பாதை வெட்டியதாகத் தகவல் வந்திருக்கிறதாம். உடனே நிறுத்த வேண்டுமாம். மீறினால் அபராதமாம். ஜெனி கையைக் கழுத்தோடு சேர்த்துத் துணியில் கட்டிக்கொண்டு சோபாவில் படுத்திருந்தாள். நான் சமையலறையில் நின்றபடி அந்தக் கடிதத்தை நான்கு முறை படித்தேன். என் வாழ்க்கையில் ஒரு முள்ளைக்கூட ஒருவர் பாதையில் போடாதவள் நான்.

முள் என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

4

பதினோராம் வகுப்பில் எனக்கு அரசாங்க சைக்கிள் கிடைத்தது. எங்கள் காலனியிலிருந்து பஸ் ரோட்டுக்கு இரண்டு வழி. ஒன்று ஊரைச் சுற்றிக்கொண்டு போகும், அது தூரம். இன்னொன்று ஏரிக்கரை மேலே நேராகப் போகிற தடம். காஞ்சிபுரத்தில் கூலித் தறிக்குப் போகிறவர்கள், வாலாஜாபாத் ரைஸ் மில்லுக்குப் போகிற என் அப்பா, பள்ளிக்குப் போகிற நான், எல்லாரும் அதில்தான் போவோம். கரையை ஒட்டி நிலம் வைத்திருந்த ஒருவருக்கு அது பிடிக்கவில்லை. நாங்கள் நடந்து போகிற வரைக்கும் பொறுத்துக்கொண்டவருக்கு, காலனிப் பெண்ணொருத்தி பெல் அடித்துக்கொண்டு சைக்கிளில் போவது தாங்கவில்லை போலிருக்கிறது. ஒருநாள் காலையில் தடத்தின் குறுக்கே வேலிக்காத்தான் முள் வெட்டிப் போட்டிருந்தது.

அப்பா நான்கு பேரோடு தாலுகா ஆபீசுக்குப் போனார். அங்கே ஒருவர் பெரிய தாளை விரித்துப் பார்த்துவிட்டு, “ரெக்கார்டுல அங்க பாதையே இல்லியேபா. இல்லாத பாதையை யாரு அடைக்க முடியும்?” என்றாராம். அப்பா வீட்டுக்கு வந்து அதை அப்படியே சொன்னார். சொல்லிவிட்டு, “நீ சுத்திக்கினு போ கண்ணு” என்றார்.

நான் சுற்றிக்கொண்டு போகவில்லை. மறுநாள் காலையில் ஒரு கழியை எடுத்துப்போய் முள்ளை எல்லாம் ஏரிக்குள் தள்ளிவிட்டு, பெல் அடித்துக்கொண்டு போனேன். அடுத்த நாளும் அப்படித்தான் செய்தேன். மூன்றாம் நாள் இரண்டு ஆள் நின்றிருந்தார்கள். என்னைத் தொடவில்லை. சைக்கிளை மட்டும் வாங்கி, என் கண்ணெதிரே கிணற்றில் போட்டார்கள்.

அன்று சாயங்காலம் அப்பா அந்த நிலக்காரர் வீட்டு வாசலுக்குப் போனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அப்பா மில்லில் நெல் மூட்டை தூக்குகிறவர். அந்தத் தெருவில் அவரளவு உடம்பு யாருக்கும் கிடையாது. அவர் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “கொயந்தைங்க, தெரியாம பண்ணிச்சு, மனசுல வச்சுக்காதீங்க” என்றார். உள்ளே இருந்தவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு இரண்டு வருடம் நான் ஊரைச் சுற்றித்தான் நடந்தேன். அப்பாவோடு சரியாகப் பேசியதில்லை. கல்யாணமாகி இங்கே வந்த பிறகும், அவர் போனில் “நல்லாக்கீறியாமா?” என்றால் “ம்” என்பேன். அவர் இறந்து ஐந்து வருடம் ஆகிறது.

5

கடிதம் வந்த வாரத்தில் நல்ல மழை. பேருந்தை டிப்போவில் விட்டுவிட்டு, மழைக்கோட்டோடு நேராகக் காட்டுக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று தெரியாது. வீட்டில் உட்கார முடியவில்லை. அந்த வளைவுக்குக் கொஞ்சம் கீழே ஒரு ஆள் கட்டை ஒன்றை இழுத்துக்கொண்டிருந்தார். எழுபது வயது இருக்கும். ரப்பர் பூட்ஸ். என்னைப் பார்த்ததும் கட்டையைக் கீழே விட்டார். அவர் பெயர் ஹென்றி என்று பிறகு தெரிந்தது. பேசியது இங்கிலீஷில், இங்கே தமிழில் எழுதுகிறேன்.

“நீங்கள்தானா?” என்றேன்.

அவர் மறுக்கவில்லை. “சைக்கிள்காரர்களை நிறுத்த வேண்டியிருந்தது” என்றார்.

“என் மகளை நிறுத்திவிட்டீர்கள். எலும்பு இரண்டாகப் போய்விட்டது. பதினைந்து வயது.”

அவர் முகம் மாறியது.  பிறகு, “என் வீட்டைப் பாருங்கள்” என்றார்.

சரிவின் அடியில்தான் அவர் வீடு. தடத்தில் வடிந்த தண்ணீர் மண்ணை வாரிக்கொண்டு நேராக அவர் கொல்லைக்குள் இறங்கியிருந்தது. வேலி பாதி புதைந்துவிட்டது. அவர் மனைவி சக்கர நாற்காலியில் இருப்பவர். நாற்காலி இறங்குவதற்காகப் போட்ட மரச் சாய்தளத்தின் மேல் ஒரு சாண் சேறு. அந்த அம்மாள் ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மழைக்காலம் முழுக்க அவர் வெளியே வரவில்லையாம்.

“மூன்று வருடமாக அலுவலகத்துக்கு எழுதுகிறேன். என்ன பதில் தெரியுமா?” உள்ளே போய் ஒரு கடிதத்தை எடுத்து வந்தார். அவர் வீட்டுக்குப் பின்னால் பதிவேட்டின்படி பாதை எதுவும் இல்லை, ஆகவே பாதையால் மண் அரிக்க வழியில்லை என்று அதில் எழுதியிருந்தது.

எனக்குத் தலையில் ரத்தம் ஏறியது. இருபது வருடத்துக்கும் முன்னால், எட்டாயிரம் மைலுக்கு அப்பால் கேட்ட அதே வாக்கியம். மை மட்டும் வேறு.

அவர் காபி குடிக்கிறீர்களா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். “உங்கள் கஷ்டம் உண்மை. ஆனால் நீங்கள் இலையைப் பரப்பினீர்கள்” என்றேன்.

தலையைக் குனிந்துகொண்டார். நான் கடிதத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளவில்லை. அசலையே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

6

இந்த ஊரில் மாதம் ஒருமுறை பூங்காக் குழு கூடும். பொதுமக்களில் யாரும் மூன்று நிமிடம் பேசலாம். ஹென்றியும் வந்தார். ஜெனி கடைசி வரிசையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கூப்பிட்டதால் வந்தாள், விரும்பி வரவில்லை.

என் இங்கிலீஷ் சாதாரணமாக நன்றாகவே நடக்கும். கோபத்தில் நொண்டும். அதனால் அதிகம் பேசவில்லை. முதலில் ஜெனியின் எக்ஸ்ரேயை மேசையில் வைத்தேன். அதன் பக்கத்தில் இரண்டு கடிதங்களையும் வைத்தேன்.

“இது இவருக்கு நீங்கள் எழுதியது. அங்கே பாதையே இல்லை என்கிறது. இது எனக்கு நீங்கள் எழுதியது. அதே இடத்தில் நான் பாதை வெட்டினேன் என்கிறது. இரண்டிலும் ஒரே ஆபீசின் முத்திரை. எது பொய் என்று சொல்லுங்கள். நான் உட்கார்ந்துகொள்கிறேன்.”

ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒருவர், இது ஒரு தவறான புரிதலாக இருக்கலாம் என்றார். நான் உட்காரவில்லை. மூன்று நிமிடம் முடிந்து மணி அடித்தது. அப்போதும் உட்காரவில்லை. ஹென்றி எழுந்து, “என்னுடைய மூன்று நிமிடத்தை இந்த அம்மாவுக்குக் கொடுக்கிறேன்” என்றார். அவர் உதவியை வாங்கிக்கொள்ள எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. வாங்கிக்கொண்டேன்.

கடைசியில் தலைவர், இடத்தைப் பார்க்க ஆள் அனுப்புவதாகச் சொன்னார். பிறகு அனுப்பவும் செய்தார்கள். வந்தவர் சேற்றில் முழங்கால் வரை இறங்கிவிட்டு, பாதை இருக்கிறது என்று கண்டுபிடித்தார்.

கூட்டம் முடிந்து காரில் போகும்போது ஜெனி, “என் எக்ஸ்ரேயை எல்லாருக்கும் காட்டின. என்னைக் கேட்டியா?” என்றாள். தமிழில்.

“உனக்காகத்தான்டி பேசினேன்.”

“இல்லம்மா. நீ பேசறப்ப என் பக்கம் பாக்கவே இல்ல. வேற யார்கிட்டயோ சண்டை போட்ட.”

காரை ஓரமாக நிறுத்தினேன். முள்ளையும் கிணற்றையும் அப்பா கக்கத்தில் வைத்த துண்டையும் முதல்முறையாக அவளிடம் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு, “தாத்தா ஏன் ஸாரி சொன்னாரு? உனக்கு ஏதாவது ஆயிடும்னா?” என்றாள்.

“பயந்தாங்கொள்ளி. அதான்” என்றேன். அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை.

7

என் மேல் போட்ட எச்சரிக்கையை வாபஸ் வாங்கிக் கடிதம் வந்தது. வருத்தம் என்ற சொல் அதில் எங்கும் இல்லை. தடத்தை வரைபடத்தில் சேர்த்தார்கள். மழை மாதங்களில் மூடி வைப்பது, தண்ணீர் வடியப் பக்கவாட்டில் வாய்க்கால் வெட்டுவது, வளைவுகளில் கல் பதிப்பது என்று முடிவானது. வேலையைச் செய்ய ஆள் தரமாட்டார்களாம், விருப்பப்பட்டவர்கள் செய்துகொள்ளலாம். வசந்தகாலத்தில் ஐந்தாறு சனிக்கிழமைகள் நாங்களே மண் வெட்டினோம். இப்போது நான் நிஜமாகவே பாதை வெட்டியவள்.

ஹென்றி எல்லா நாளும் வந்தார். முதல் நாள் ஜெனியிடம் போய், தொப்பியைக் கழற்றிக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அவள், “பரவாயில்லை” என்றாள். பரவாயில்லை என்று சொல்ல அவளுக்கு உரிமை இருக்கிறது, எலும்பு அவளுடையது. நான் அவரோடு சேர்ந்து கல் தூக்குகிறேன். அவர் மனைவி இப்போது கொல்லைக்கு வருகிறார் என்று கேட்டுச் சந்தோஷப்பட்டேன். காபிக்கு இன்னும் போகவில்லை. நுழைவில் அந்த இரும்புக் கேட் அப்படியே இருக்கிறது. அதைப் பற்றிக் கேட்டால் அது வேறு பிரிவாம்.

இந்த வெற்றியைச் சொல்லத்தான் சாமுவுக்குப் போன் பண்ணினேன். பெருமையாகச் சொன்னேன். கேட்டுவிட்டு அவன், “நம்ம ஏரிக்கரை தடம் இன்னா ஆச்சுன்னு தெரியுமாக்கா?” என்றான்.

தெரியாது. நான் கேட்டதே இல்லை.

கரையோரத்து நிலத்தை மனை போட்டு விற்றுவிட்டார்களாம். சுற்றிலும் காம்பவுண்டு. தடம் இருந்த இடத்தில் தார் ரோடு, அதற்கு கேட்டு, கேட்டுக்கு வாட்ச்மேன். காலனிப் பிள்ளைகள் போனால் யாரைப் பார்க்கணும் என்று கேட்கிறானாம். சாமுவின் பெண் எட்டாவது படிக்கிறாள். அவளும் ஊரைச் சுற்றித்தான் போகிறாள்.

“மனு குடுத்தியா?”

“போயி கேட்டேன்கா. அங்க பாதையே இல்லன்னுட்டாங்க.”

நான் கத்த ஆரம்பித்தேன். லீவு போட்டுவிட்டு வருகிறேன், அந்த கேட்டு முன்னால் நிற்கிறேன், யார் என்ன பண்ணுகிறார்கள் பார்க்கலாம் என்றேன். அவன் முழுவதையும் கேட்டான்.

“வாக்கா. வந்து ஒரு மாசம் நில்லு. அப்பால நீ ஏரோப்பிளேன் ஏறிப் போயிடுவ. என் பொண்ணு இங்கதான இருக்கணும்? அவ தெனம் இவங்க முன்னால தான போவணும்?”

அவன் கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னான். அந்த வாசலில் அப்பா நின்றது எதற்காக என்று இத்தனை வருடத்தில் எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போனை வைத்தேன். யார் மேல் கோபப்படுவது என்று ஒழுங்காகத் தெரியாமல் இருந்த நாள் அது ஒன்றுதான். மறுநாள் தெரிந்துவிட்டது. கேட்டு போட்டவர்கள் மேல். தாளை விரித்துப் பார்த்து இல்லை என்று சொல்கிறவர்கள் மேல். அப்பா மேல் இல்லை.

நான்கு நாள் கழித்து சாமு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். “அக்கா, நீ வர வேணாம். தெருவுல பேசிட்டோம், எல்லாரும் ஒண்ணா ஆபீசுக்குப் போறோம். தனியாப் போனாதான பயம். நீ அங்க எழுத்துல வாங்கின பாரு, அந்த மாதிரி கேக்கறதுக்கு ஒரு நாலு வரி எழுதி அனுப்பு. உனக்குத்தான் நல்லா வரும்.”

இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் மேசையில் உட்கார்ந்து எழுதினேன். பஸ் ரோட்டுக்குப் போகிற தடத்தைத் திறந்துவிட வேண்டும் என்று முதலில். பிறகு இது: ‘பாதை இல்லை என்பது தங்கள் முடிவானால், தயவுசெய்து அதை எழுத்தில், கையெழுத்தும் தேதியும் இட்டுத் தரவும்.’

ஜெனி தட்டு எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். என்ன எழுதுகிறாய் என்று கேட்டாள். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது; படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன்.

“அந்த ‘தயவுசெய்து’வை எடுத்துடும்மா” என்றாள்.

எடுத்துவிட்டு அனுப்பினேன்.